மலையே ஓடிய படம்

நாகமலை புதுக்கோட்டை,
டிசம்பர் 15

அன்புள்ள கிருபாகரன்,

போன மாதம் காளவாசல் டீக்கடையில் ஒன்று கேட்டாய். "ஏன் மாப்ள, கேமராவ எங்கையிலயே திணிக்கிற? படம் எடுக்கிற ஆச விட்டுப்போச்சா?" சிரித்து மழுப்பினேன். பதிலை இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் ஷாஹீதா காதில் விழும்.

திருநெல்வேலியில் மகள் டயானாவும் பேத்தியும் நலமா? வெள்ளிக்கிழமை நீ திரும்பியதும், சனிக்கிழமை காலை உசிலம்பட்டி வழியாக அருவிக்குக் கிளம்புவதாகத் திட்டம். காருக்கும் சொல்லியாகிவிட்டது. மழை பெய்து தண்ணீர் நிறைய விழுகிறதாம்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவன், உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. அருவியை எடுக்கும்போது கேமராவின் கண்ணை ஒரு நொடி திறந்தே வைக்கிறோம். ஓடுகிற தண்ணீர் பஞ்சாகிவிடும். பாறை பாறையாகவே நிற்கும். கை மட்டும் அசையக் கூடாது. பழகிப் பார்க்கலாமென்று போன வாரம் நம் நாகமலையை அப்படி எடுத்தேன். மலையே ஓடியிருந்தது.

முக்காலி இருக்கிறதே என்பாய். அது கேமராவைப் பிடிக்கும், என்னைப் பிடிக்காது.

வலது கை நடுங்குகிறது. காலும் தரையில் இழுபடுகிறது. நரம்பு வியாதி, போகப்போகக் கூடத்தான் செய்யும், எழுத்தும் எழுத எழுதச் சிறுத்துப்போகும் என்கிறார் டாக்டர். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சட்டையில் டீ சிந்தினால் ஷாஹீதா, "இம்புட்டுக் குளிரா ஒங்களுக்கு? இதுல அருவி ஒண்ணுதான் கொறச்சல்!" என்கிறாள். பனிக்காலம் நல்ல சாக்கு. உன்னிடமும் அதையே சொல்லிவிட நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த நடுப்பாறை. போன வருடம் தண்ணீரைத் தாண்டி அதில் ஏறித்தான் முழு அருவியையும் எடுத்தோம். இன்னொரு முறை அதில் நின்றுவிட வேண்டும். அடுத்த பனிக்காலத்துக்குக் கால் என்ன சொல்லுமோ? வழுக்கினால் வழுக்கட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. நான் விழுந்தால் நீ பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளா? குதிப்பாய். உனக்கும் நீச்சல் தெரியாது.

ஆகவே போவதா வேண்டாமா என்று நீ சொல். வேண்டாமென்றால் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் கேட்டுக்கொள்வேன். அல்லாஹ் உன்னையும் பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும்.

பழகிய பாசத்தில் முடிவு செய்யாதே. நீ கணக்கு வாத்தியார், அளந்தால்தான் நம்புவாய். கடிதத்தின் தொடக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. இங்கேயும் எழுதுகிறேன்: கிருபாகரன். ஒரு ஸ்கேலை எடுத்து இரண்டையும் அளந்து பார்.

உன்,
சேக் இஸ்மாயில்