ஊறப்போட்ட விதைநெல்லும் உங்கள் பழைய பதிவும்

பிரியமுள்ள நசீமா அக்கா,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். இறந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். படுவேன். என் மேல் அதைவிடக் கோபம், மேலாளர் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

நாகப்பட்டினத்தில் உங்கள் மகள் வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு பாபநாசம் திரும்பிய அன்றே, நம் வானொலியில் நேயர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இல்லையென்று தெரிந்தால் 'ஊர்ப்பேச்சு' நிகழ்ச்சியை யாரும் கேட்க மாட்டார்களாம், பழைய பதிவுகளை ஓட்டினால் போதுமாம். நானும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். தினமும் காலையில், "நசீமா வந்துட்டேன், ஊர்ல என்ன சேதி, சொல்லுங்க" என்று நீங்கள் வருவீர்கள். என்னால் கேட்க முடியாது அக்கா. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

நிகழ்ச்சியில் நீங்கள் ஒருநாளும் தேதி சொன்னதில்லை. தேதி சொன்னால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பீர்கள். 'இன்னிக்கு', 'நாளைக்கு', அவ்வளவுதான். அது என்ன செய்தது தெரியுமா?

போன வாரம் ஓடிய பதிவில், வாய்க்கால் கடைசியில் இருக்கும் ஊர்களுக்கு நாலு நாளில் முறைத் தண்ணீர் வருகிறது, நாற்றங்காலைத் தயார் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். எந்த வருஷத்துத் தண்ணீரோ. அங்கே கோவிந்தராசு அண்ணன் விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார். வாய்க்கால் தூர்வாரலைன்னு வாரா வாரம் போன் போட்டு உங்களோடு சண்டை பிடிப்பாரே, அவர்தான். விதை முளைவிட்டது. தண்ணீர் வரவில்லை. முளைவிட்ட விதை யாருக்காகக் காத்திருக்கும்?

நேற்று சாக்கோடு நிலையத்துக்கே வந்துவிட்டார். பிரித்துக் காட்டினார். முளை நீண்டு, வேர் ஒன்றோடொன்று பின்னி, புளித்த வாடை. "அக்காவைக் கூப்பிடும்மா. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. யாரோ அவங்களையே ஏமாத்தியிருக்காங்க" என்றார்.

நீங்கள் இறந்துபோனதைச் சொன்னேன். வேறென்ன செய்வது?

அவர் சாக்கின் வாயை மறுபடி கட்டினார். விதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சொல்லியிருந்தா துக்கத்துக்கு வந்திருப்போமேம்மா. ஊரே வண்டி கட்டிக்கிட்டு வந்திருக்குமே" என்றார்.

மேலாளர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் 'மறு ஒலிபரப்பு' என்று சின்னதாகச் சொல்லிவிடலாம் என்றார். சின்னதாக! பதினோரு வருஷம் இந்த ஊரின் சண்டையையெல்லாம் காதில் வாங்கிய மனுஷிக்குச் சின்னதாக! அவர் முகத்துக்கு நேராகவே கத்தினேன். வேலை போனால் போகட்டும்.

நாளைக் காலை நேரலை, அக்கா. உங்கள் நாற்காலியில் நான்தான் உட்காரப்போகிறேன். முதலில் தேதியைச் சொல்வேன். அடுத்து நீங்கள் இறந்துபோன செய்தியைச் சொல்வேன். பிறகு, பம்புசெட் தண்ணீரில் நாற்று விட்டவர்கள் கோவிந்தராசு அண்ணனுக்குக் கொஞ்சம் நாற்று கொடுப்பீர்களா என்று கேட்பேன். நீங்கள் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். முதல் போன் அவருடையது, சொல்லிவிட்டேன். ஊர் உங்களுக்காக அழுது முடிக்கும்வரை ஒருவருடைய அழைப்பையும் துண்டிக்க மாட்டேன். மேலாளர் கதவைத் தட்டினால் தட்டட்டும், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது.

நாளைக்குச் சத்தத்தைக் குறைக்காமல் உட்காரப்போகும்,
உங்கள் தங்கை
கலா