பால் ஊற்றத் திரும்பியவளின் மறுபயணம்

கழிமுகம் என்றும் திறந்திருக்க! உப்பு விளைய, காற்று இசைய, சென்ற கலங்கள் யாவும் ஆளோடும் பொருளோடும் கரை சேர!

செங்கழிநாட்டின் உப்பளங்களுக்கும் துறைகளுக்கும் உடையவளும், கலங்கரை விளக்குக்கு எண்ணெய் அளக்கும் குடியிற் பிறந்தவளும், நடை தளர்ந்தும் செவி தளராதவளுமான நங்கைமாதேவி, முகத்துறைக் கடல்வழிக் காப்பு மன்றத்தின் தலைவர் அம்பலங்காத்தாருக்கும், மன்றத்துப் பெரியோருக்கும், இவ்வோலை வாசிக்கக் கேட்டு நிற்கும் மாலுமிகள், சுமையாட்கள், மீன் விற்கும் பெண்டிர், அவர்தம் இடுப்பில் இருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் எழுதி விடுப்பது. உங்கள் நலம் பெருகுக. எம் நலம் பற்றிச் சொல்ல இப்போது வாய் வரவில்லை. அது ஓலையின் நடுவில் தானாக வரும்.

மன்றத்து முற்றத்தில் நிழல் குறைவு என்பதை யாம் அறிவோம். வெயிலில் நிற்போர் உள்ளே வந்து அமரட்டும். விஷயம் சற்று நீளம். பொறுத்துக் கேளுங்கள், எம் மக்களே.

கடல் கடக்க எண்ணுவோர் கலம் ஏறுமுன் ஒரு குடம் உப்பை மன்றத்தில் அளந்து காப்போலை பெறுவதும், சென்ற நாட்டில் நோயோ இழப்போ நேர்ந்தால் மன்றம் தாங்குவதும், தாய் அல்லது தந்தையின் சாவுக்காக நடுவழியில் திரும்பியவருக்கு அடுத்த காற்றில் அதே கலத்தில் அதே இடத்தைக் கேள்வியின்றித் தருவதும் இந்நாட்டு வழக்கம். அந்த மறுபயணத்தைக் கேட்டு வந்த ஆவுடை என்பவளை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். அதை மறுத்து வழக்காடவே இவ்வோலை.

ஆவுடை எம் வயதினள். தன் மகள் பிச்சியைப் பவழத்தீவில் கட்டிக்கொடுத்து, மணம் முடிந்த நாள் முதல் அவள் முகம் காணாதிருந்து, உப்புக் குடம் சுமந்து, காப்போலை பெற்றுக் கலம் ஏறினாள். இடைத்துறையில் கலம் நீர் எடுக்க நின்றபோது, எதிரே வந்த கலத்தில் சேதி வந்தது: அடுத்த வீட்டு மாடத்தி கிடையில் விழுந்துவிட்டாள், நாள் தாங்காது. பவழத்தீவுக்கு இன்னும் ஒரு பாய்ச்சல்தான். ஆவுடை மூட்டையை எடுத்துக்கொண்டு, அந்த எதிர்க்கலத்திலேயே ஏறித் திரும்பிவிட்டாள்.

வந்து சேர்ந்தபோது மாடத்திக்கு உயிர் இருந்தது. வாயில் பால் ஊற்றினாள். மாடத்தி விழுங்கினாள். விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து, "ஏட்டி, கப்பல விட்டுட்டா வந்தே? கிறுக்கி" என்று ஏசினாளாம். அதன்பின் பேச்சில்லை.

இந்தச் சொற்களை எம் எழுத்தர் மெருகிட்டு எழுத முனைந்தார். இறந்தவள் சொன்னதைச் சொன்னபடியே கீறுமாறு பணித்தோம்.

மன்றம் மறுத்த காரணத்தை யாம் வாசித்தறிந்தோம். ஆவுடையின் தாய் சிவந்தி என்றும், அவள் முன்னமே இறந்தவள் என்றும், மாடத்தி அயல்வீட்டாள் மட்டுமே என்றும், அயலார் சாவுக்கு மறுபயணம் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. உப்பு அளந்த நாளில் தாயின் பெயர் சிவந்தி என்று அவளே சொன்னதையும் எடுத்துக்காட்டியிருந்தீர்கள். அன்று உங்கள் கணக்கர் கேட்டது பெற்ற தாயின் பெயர். கேட்டதற்கு அவள் மறுமொழி சொன்னாள். பால் கொடுத்தவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு விடை சொல்லாததைக் குற்றமாக்கலாகாது.

விசாரணை நாளில் அதே கணக்கர், "ஒருத்திக்கு எத்தனை அம்மா? இன்னிக்கு அடுத்த வீடு, நாளைக்குத் தெருவே அம்மான்னு வந்து நிப்பியோ?" என்று கேட்டதாகவும், கூடியிருந்தோர் சிரித்ததாகவும், ஆவுடை சற்றும் தயங்காமல், "பாலு குடுத்தா தெருவும் அம்மைதான்யா, ஒமக்கு ஏன் வயிறு எரியுது?" என்றதாகவும் அறிந்தோம். மாடத்தியின் மகன் சுடலையும் எழுந்து சாட்சி சொன்னானாம்: "எம் பங்குல பாதிய உறிஞ்சினவ இவ. சின்னதுல நான் நோஞ்சானாக் கெடந்ததுக்கு இவதான் காரணம். இவ எனக்குத் தங்கச்சி இல்லேன்னா, எங்கிட்ட திருடினவன்னு எழுதிக்கிடுங்க." மீண்டும் சிரித்தீர்களாம். யாம் இருந்திருந்தால் யாமும் சிரித்திருப்போம். ஆனால் திருடியவள் அவள் அல்லள்.

அது யார் என்று சொல்லவே இந்த ஓலை இவ்வளவு தூரம் நடந்து வந்தது. வாசிப்பவர் வேண்டுமானால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும்.

யாம் பிறந்தபோது எம்மைப் பெற்ற தேவியார் பால் கொடுக்கும் வழக்கம் இல்லை. அரசக் குழவிக்குச் செவிலி தேடிய அரண்மனையார், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த சிவந்தியை அழைத்து வந்தனர். அரசக் குழவி பருகும் பாலை வேறொரு வாய் தீண்டலாகாது என்பது அந்நாளைய விதி. ஆகவே சிவந்தியின் குழந்தை வீட்டில் விடப்பட்டது. அக்குழந்தைதான் ஆவுடை. அது அழுத அழுகை வேலி தாண்டிக் கேட்டதும், வலை முடைந்துகொண்டிருந்த மாடத்தி, மடியில் தன் மகன் சுடலை இருக்க, எழுந்துபோய் அதையும் எடுத்து மறுபக்கம் போட்டுக்கொண்டாள். ஒருவரும் அவளை ஏவவில்லை. ஒருவரும் அவளுக்கு ஒரு படி நெல்லும் அளக்கவில்லை.

ஆவுடைக்கு இரண்டாவது தாய் ஏன் என்று மன்றம் கேட்கிறது. முதல் தாயை யாம் எடுத்துக்கொண்டோம், பெரியோர்களே. அதனால்தான்.

பச்சைக் குழந்தை செய்ததற்குப் பழி ஏது என்று அமைச்சர் எமக்கு ஆறுதல் சொன்னார். அவர் நல்லவர். ஆனால் அடுத்து நடந்தபோது யாம் குழந்தை இல்லை.

இளவரசியாக யாம் கடற்பயணம் சென்றிருந்த காலத்தில், சிவந்தி சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு நடுவழியில் திரும்பினோம். திரும்பி வந்தபின், யாம் கேளாமலே மன்றம் எமக்கு மறுபயணம் அளித்தது. செவிலியும் தாயே என்று அன்றைய தலைவர் புகழ்ந்து எழுதிய ஓலை எம்மிடம் இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

சிவந்தியின் வீட்டுக்குள் யாம் நுழைந்தபோது எல்லோரும் விலகி வழி விட்டார்கள். ஆவுடை கையில் பால் புகட்டும் பாலாடையுடன் தலைமாட்டில் குனிந்திருந்தாள். அவளையும் விலக்கினார்கள். முதலில் ஊற்றுவது அரசக் கை என்றார்கள்.

இங்கே யாம் என்று சொல்ல நா எழவில்லை. நான் ஊற்றினேன். வெள்ளிக் கிண்ணத்தில் இருந்து, நிறைய. சிவந்தி அம்மாள் அதை விழுங்கினாள். ஆவுடையின் முறை வந்தபோது உதடு மூடிவிட்டது. அவள் ஊற்றிய பால் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு ஓடியது. முந்தானையால் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் இத்தனை ஆண்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "போட்டும் மவராசி, ஒங்க கையால எறங்குச்சுல்லா" என்றாள்.

பிறந்தபோது அவள் பங்கைக் குடித்தேன். அவள் தாய் போகும்போதும் அவள் கைக்கு மிச்சம் வைக்கவில்லை. ஒரு தாய்க்கு ஊற்ற முடியாமற் போனவள், இன்னொரு தாய்க்காவது ஊற்ற வேண்டும் என்றுதான், மகள் முகத்தை ஒரு பாய்ச்சல் தூரத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளைத்தான் அயல்வீட்டுச் சாவுக்கு வந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கலம் பவழத்தீவு சேர்ந்த கதையையும் கேளுங்கள். கலத்தலைவர் வந்து எம்மிடம் உரைத்தது. பிச்சி துறையில் சோற்றுப் பானையை அணைத்துக்கொண்டு, கடைசி மூட்டை இறங்கும்வரை நின்றாளாம். தாய் இறங்கவில்லை என்று கண்டு தலைவரிடம் ஓடினாளாம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையென்று உன் தாய் திரும்பிவிட்டாள் என்று அவர் சொன்னதும், பிச்சி எந்த அம்மா என்று கேட்கவில்லை. "ஐயோ, மாடத்தி ஆச்சிக்கா? பால் ஊத்த அம்மை நேரத்துக்குப் போயிருப்பாளா?" என்றாளாம். பானைச் சோற்றை மாலுமிகளுக்கே போட்டுவிட்டு, "அடுத்த காத்துக்கு வருவா, சொல்லுங்க, நான் நிப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கடலுக்கு அப்பால் இருக்கும் பெண்ணுக்குத் தெரிந்தது, மாடத்தியின் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மன்றத்துக்குத் தெரியவில்லை.

ஆகவே எம் வழக்கு இது. பால் கொடுத்தவள் தாயென்றால், எமக்குச் சிவந்தி தாயானது போலவே ஆவுடைக்கு மாடத்தி தாய்; மறுபயணம் அவளுடையது. தாய் அல்லள் என்றால், அன்று எமக்குத் தந்ததும் தவறு. யாம் உரிமையில்லாத இடத்தில் பயணம் செய்தவள் ஆவோம். அப்படியானால் எமக்கு எதிராகத் தீர்ப்பெழுதி, எம்மிடமிருந்து அதை மீட்டுக்கொள்ளுங்கள். ஒரே பாலுக்கு அரண்மனையில் ஒரு பெயரும் மீனவர் தெருவில் வேறொரு பெயரும் இருத்தல் ஆகாது.

அரச அறை கலத்தில் வெறுமனே போகிறதே, அதில் அவளை அனுப்பிவிடலாகாதா என்று நீங்கள் எண்ணலாம். எண்ணியே ஆளனுப்பினோம். அவள் சொல்லி அனுப்பியது இது: "மவராசிகிட்ட எடம் கேட்டா நான் வந்தேன்? மாடத்தி எனக்கு அம்மை இல்லேன்னு எழுதிட்டாவ. அத அழிக்கச் சொல்லுங்க. எடம் தானா வரும். அழிக்கலேன்னா எம் மவ நிக்கட்டும், நானும் இங்க நிக்கேன்."

மன்றத்துக்கு ஆணையிடும் உரிமை அரியணைக்கு இல்லை. காப்பு கேட்பவர் அரசனே ஆனாலும் வரிசையில் நிற்க வேண்டும் என்று எம் முன்னோர் செப்பேட்டில் வெட்டித் தந்திருக்கின்றனர். அதை மீறோம். ஆகவே இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. சாட்சி சொல்ல வரும் எந்தப் பெண்ணும் இடுவது போல, மையில் தோய்த்த எம் பெருவிரலே இதற்கு முத்திரை. காற்று திரும்ப நாள் அதிகம் இல்லை; கலம் பாய் விரிக்குமுன் வழக்கை மறுபடியும் எடுங்கள் என்று வேண்டுகிறோம்.

ஆணை, எம் அரண்மனையாருக்கு மட்டும்: மறுவிசாரணை நாளில் யாம் நடந்து வருவோம். பல்லக்கு வேண்டாம், குடை வேண்டாம். எமக்கு இருக்கை கொண்டு வருபவரும், கூட்டத்தை விலக்கி எமக்கு வழி செய்பவரும் எம் சொல் கடந்தவர் ஆவர். ஆவுடை முன்னால் நிற்பாள். அவள் சொல்லி முடிக்கும்வரை யாம் அவளுக்குப் பின்னால் நிற்போம்.

கேட்ட செவிகள் குளிர்க. கரையில் நிற்போர் எவரும் வெறுங்கையோடு வீடு திரும்பாதிருக்க.

இது நங்கைமாதேவி சொல்ல எழுதியது. விரல் எம்முடையது.