பாதி வழியில் லண்டன்

அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, போன கிழமை உங்கள் மகள் இங்கே சிட்னி டூங்கபிக்கு வந்தாள், உங்கள் சின்ன உருட்டுப் பெட்டியோடு. குசினிக் கதிரையில் வைத்துத் திறந்தேன். யூக்கலிப்டஸ் தைல வாசம், உங்கள் வாசம். அடியில் இரண்டு சோடி சொக்ஸ், முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கிறவை. நீங்கள் ஒருநாளும் சொக்ஸ் போடுகிற ஆளில்லை. பழைய சந்தேகம் திரும்ப எழும்பியது.

பிட்ஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்கு நேரே விமானம் விட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன நாளில் தொடங்கிய சந்தேகம் அது. நியூயோர்க் என்றால் நம்பலாம். இரும்பாலைகள் மூடிப்போன ஊரிலிருந்து யார் நேரே லண்டனுக்குப் போகப் போகிறார்கள்? ஐபாட்டில் நானே தேடிப் பார்த்தேன். விமானம் உண்மைதான். நீங்கள் அதில் ஏறி ஏறி இறங்கியதுதான் இடித்தது. நியூயோர்க்கில் மாறி ஏற ஏலாது என்று லண்டனில் தம்பி வீட்டுக்கே போகாமல் இருந்தவர், ஒரே வருடத்தில் மூன்று தரம் போனீர்கள். சிட்னிக்கு மட்டும் "வாற வருஷம் வாறன்."

வீட்டு வரவுசெலவில் ஒரு சதம் பிசகினாலும் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவள் நான். உங்கள் பயணங்களையும் அப்படிக் கூட்டினேன். மகளுக்கு லண்டனில் மாப்பிள்ளை பார்க்கிறீர்கள், கண்ணூறு படும் என்று என்னிடம் மறைக்கிறீர்கள் என்று விடை வந்தது. பேசாமல் கலியாணத்துக்கு உடுக்க ஒரு பட்டுச்சேலை எடுத்து, சட்டையும் தைத்து வைத்தேன்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் பயணம் வெளிக்கிடுகிறவரிடம் எங்கே, என்னத்துக்கு என்று கேட்கக் கூடாது என்றல்லவா வளர்ந்தோம். "தூரமோ?" என்பேன். "கிட்டத்தான்" என்பீர்கள். பிள்ளையாருக்கு விளக்கேற்றி, இறங்கிவிட்டேன் என்று நீங்கள் சொல்லும்வரை அணையாமல் பார்த்துக்கொள்வேன்.

ஒருதரம் சொன்னீர்கள்: "நீயும் லண்டனுக்கு வாவன். பாதி வழியிலை சந்திப்பம்."

"உங்களுக்கு ஏழு மணித்தியாலம், எனக்கு ஒரு முழு நாள். இதென்ன பாதி?"

"நான் மூத்தவள். என்ரை பாதி அவ்வளவுதான்."

கேக் வெட்டினாலும் இப்படித்தான் வெட்டுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவருக்கு அப்போதுதான் கண் ஒப்பரேஷன் முடிந்திருந்தது. நான் வரவில்லை.

சொக்ஸைத் தூக்கிக் காட்டினேன். "இதென்ன பிள்ளை?"

"ரத்தம் உறைஞ்சு கிளொட் வராமல் போடுறது, சித்தி. அம்மாவுக்குக் காலிலை ஒருக்கா வந்தது. ஏழெட்டு மணித்தியாலத்துக்கு மேலை பறக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். டிரெக்ட் ஃபிளைட் வந்தபடியால்தான் லண்டனாவது போனவா."

"அப்ப உனக்குப் பாத்த மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளையோ? எனக்கோ?" சிரித்து முடிய அவளுக்கு நேரமெடுத்தது.

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சித்தப்பாவைத் தனிய விட்டிட்டு ஓடி வந்திடுவீங்களாம். உங்களுக்குப் பொய் சொல்லவும் அம்மாவுக்கு விருப்பமில்லை. 'அவள் சகுனம் பாக்கிறவள், கேக்கவே மாட்டாள்' எண்டுவா."

ஆக, என் கணக்குத்தான் பிழை; உங்கள் கணக்கு என்னை வைத்தே சரியாகப் போட்டது. உங்கள் பாதி அவ்வளவுதான் என்றதும் பகிடி இல்லை.

நேற்று உங்கள் மகள் வெளிக்கிட்டாள். படியில் வைத்து வழிமறித்தேன்.

"எங்கை போறாய்?"

"என்னப்பா இது, போற பிள்ளையை மறிச்சுக் கேக்கிறீர்," என்று இவர் திடுக்கிட்டார்.

"லண்டனிலை மாமாவைப் பாத்திட்டு, அங்கையிருந்து நேரை வீட்டை."

"உனக்கும் டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

"ஒண்டுமில்லை, சித்தி."

உங்கள் குரல் அப்படியே. நான் நம்பவில்லை. படியிலேயே இருத்தி, ஒரு சோடி சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்ட பிறகுதான் காரில் ஏறவிட்டேன்.

மற்றச் சோடி என்னிடம். தைல வாசம் போகாமல் சுற்றி வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் தம்பியிடம் போகும்போது போட்டுக்கொள்வேன். என் பாதியை நான் இன்னும் பறக்கவில்லை, அக்கா.