நீலி என்று சொன்ன நாள்

நல்லம்பள்ளி
8.9.2025

திரு. நவநீதன் அவர்களுக்கு,

அப்பாவுக்குக் காலில் கட்டுப் போட்டாயிற்று. நீங்கள் நலமா என்று கேட்க மனசில்லை. ஆனாலும் கேட்டுவைக்கிறேன்.

தினமும் போன் செய்கிறீர்கள், நான் எடுப்பதில்லை. உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். எழுதினால் கை வலிக்கும், திட்டும் குறையும். அதனால்தான் கடிதம்.

ஏன் திரும்பி வரவில்லை என்று மெசேஜ் போட்டிருந்தீர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா வண்டியிலிருந்து விழுந்த சேதி வந்த காலையில் உங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். உங்கள் அம்மா வந்து கன்னடத்தில் என்னவோ கேட்டார்கள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: நீலி! நான் பொய்யாக அழுகிறவளாம். நீங்களாவது தடுப்பீர்கள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே "குண" என்று ஏதோ பதில் சொன்னீர்கள். என் குணமே அதுதானா?

காதலித்தபோது தமிழில்தானே பேசினீர்கள்? "பாஷ தெரியாத வூட்டுக்குப் போறியே, நல்லா யோசிச்சியா?" என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். இப்போது ஒன்றுமே கேட்பதில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இனி அங்கே வருவதா வேண்டாமா என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

சுகுணா

*

மாரண்டஹள்ளி
12.9.2025

அன்புள்ள சுகுணா,

அட கடவுளே! உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தக்காளி மண்டியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நீலி என்றால் கன்னடத்தில் நீல நிறம். அவ்வளவுதான்! ஒரு வாரமாக மோடம் போட்டு மழை கொட்டிய வானம் அன்றைக்குத்தான் தெளிந்திருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்து, "இவத்து யாகெ இஷ்டு நீலி?" என்றாள். இன்றைக்கு ஏன் இவ்வளவு நீலம் என்று கேட்டாள். அது வானத்தைப் பற்றிய பேச்சு, உன்னைப் பற்றி அல்ல. நான் "அதர குணவே ஹாகெ" என்றேன், அதன் குணமே அப்படி என்று.

பிசிக்ஸ் படித்தவன் சொல்கிற பதிலா அது? சரியான பதிலை உனக்காவது சொல்கிறேன். வெயிலில் எல்லா நிறமும் கலந்தே வருகிறது. காற்றின் மூலக்கூறுகள்மேல் படும்போது சிவப்பு பெரும்பாலும் நேரே போய்விடும், நீலம் நாலாபக்கமும் சிதறும். எந்தத் திசையில் அண்ணாந்தாலும் அந்தச் சிதறிய நீலம்தான் கண்ணுக்கு வந்து சேர்கிறது. தூசி இருந்தால் எல்லா நிறமும் சேர்ந்து சிதறி வெளிறித் தெரியும். மழை தூசியைக் கழுவிவிட்டதால்தான் அன்றைக்கு அவ்வளவு நீலம்.

நம்பு, தாயே. வந்துவிடு. உன் அப்பாவின் காலை உன் அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

உன் நவநீதன்

*

நல்லம்பள்ளி
16.9.2025

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கதை கட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர்வீட்டுச் சவுரியப்பன் அண்ணன் ஓசூர் பஸ் ஓட்டுகிறார், கன்னடம் தெரியும், அவரிடம் கேட்டேன். "ஆமாம்மா, நீலின்னா நீலக் கலருதான். இதுக்கா பொறந்த வூட்ல வந்து குந்திக்கிட்ட?" என்று ஒரே சிரிப்பு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தைமேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

உங்கள்மேல் இருப்பது போகவில்லை. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தீர்கள், சரி. வாசலில் நின்று அழுதவளை ஒருவரும் பார்க்கவில்லையே? நிஜமாகவே திட்டியிருந்தால்கூட, என்னைப் பார்த்தீர்கள் என்றாவது இருந்திருக்கும். இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று. உங்கள் விளக்கத்தைப் படித்ததிலிருந்து அண்ணாந்தே திரிகிறேன், கழுத்து வலிக்கிறது. நீலத்தைவிட ஊதா இன்னும் அதிகமாகச் சிதறும் என்று போனில் பார்த்தேன். அப்படியானால் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்? பிசிக்ஸ்காரரே, இதற்கும் குணம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சுகுணா

*

மாரண்டஹள்ளி
20.9.2025

அன்புள்ள சுகுணா,

கெட்டிக்காரி! எங்கள் வகுப்பில் ஒருத்தனும் இதைக் கேட்டதில்லை. நானும் தேடிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வானத்தில் ஊதா இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வெயிலிலேயே அது கொஞ்சம் குறைவு. போதாததற்கு, நம் கண்ணுக்கு ஊதா அவ்வளவாக உறைக்காது. அதனால் மேலே பரவிக்கிடந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

இதை எழுதும்போதே எனக்குச் சுருக்கென்றது. நீ அழுததும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. முகம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன், சேதி அப்போது தெரியாததால் கழுவியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தப்புதான். வானத்துக்கு விளக்கம் சொல்லலாம், இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதுவிட்டாள். இப்போது நீலி என்ற வார்த்தையே அவள் வாயில் வருவதில்லை. நேற்று நீலப் புடவையை எடுத்துத் தரச் சொன்னவள், கையை மேலே காட்டி "ஆ கலரு" என்கிறாள், அந்தக் கலராம்.

நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

உன் நவநீதன்

*

நல்லம்பள்ளி
24.9.2025

மாமா,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். அப்புறம் ஊதா தெரிகிறதா என்று வாசலில் போய்ப் பார்த்தேன், ம்ஹூம், நீலம்தான். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அப்பா வாக்கர் பிடித்து நடக்கிறார். "மாப்ள எப்ப வராரு?" என்று நச்சரிக்கிறார். அத்தையை அந்த வார்த்தையைத் தாராளமாகச் சொல்லச் சொல்லுங்கள். பாவம், புடவைக்கெல்லாம் வானத்தைக் காட்டவேண்டாம்.

சவுரியப்பன் அண்ணனிடம் கன்னடம் கேட்டுக்கொள்கிறேன். அழுவதற்குக் கன்னடத்தில் என்ன என்று நேற்று கேட்டேன். "அளு" என்றார். நம் "அழு"தான், வேறொன்றும் இல்லை! இனிமேல் அழுகை விஷயத்தில் பாஷை புரியவில்லை என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். உங்களைப் பார்த்ததும் நிச்சயம் அழுவேன். ஏன் என்று கேளுங்கள்.

உங்கள்
சுகுணா