நான் எழுதிய மழை

ஐப்பசி 12, வெள்ளி.

தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி இன்று எங்கள் ஆபீசுக்கு வந்தார். "பத்து வருஷமா ஐப்பசி மழை கொறஞ்சிட்டே வருது. எங்க குளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டித் தரணும்" என்றார்.

சூப்பரின்டெண்டு மழைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "எல்லா வருஷமும் ஒருபோலதானே பெஞ்சிருக்கு?"

ஒருபோலப் பெய்யாதா பின்னே. அந்த ஊரிலிருந்து மழை அளவு பல மாதம் வராது. கட்டத்தைக் காலியாக விட்டால் எனக்குத்தான் திட்டு விழும். முந்தின வருஷத்து அளவையே பார்த்து எழுதிவிடுவேன். பத்து வருஷமாக இதே சோம்பல்தான்.

விவசாயி பதிவேட்டை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அப்போ எனக்குத்தான் பழசெல்லாம் ஓர்மை தப்பிட்டு போல" என்று சொல்லி, என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.