மூக்குவரை வந்த படம்

லைன்மேனுங்க,

நேற்று செம்மேட்டு ஆபீஸுக்குக் கைநாட்டு வைக்கப் போயிருந்தேன். மேசைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டரை அங்கிருந்த அம்மா போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதன் விலாவிலிருந்து சூடான காற்று வந்தது. தூசி கருகுகிற வாடை, கூடவே பிளாஸ்டிக் காய்கிற வாடை, உங்கள் லேப்டாப்பின் அதே வாடை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் பெருவிரலில் மையோடு அப்படியே நின்றுவிட்டேன். "ஏனுங்க, வைக்கிறீங்களா இல்லீங்களா" என்று அந்த அம்மா கேட்டார்கள். வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் நின்றிருந்தது, ஏறவில்லை. நடந்தே ஊர் வந்தேன். வழியெல்லாம் உங்களோடுதான் பேச்சு. அது மறந்துபோவதற்குள் மச்சினியை உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன்.

டெலிபோன் கம்பி இழுக்க நீங்கள் எங்கள் மேட்டுக்கு முதல் தடவை வந்த நாள் நினைவிருக்கிறதா? கம்பி போக வேண்டிய வழியில் என் மிளகுக்கொடி ஏறிய மரம் நின்றது. அந்தக் கொடி என் அப்பன் வைத்தது. ஒரு வருசம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், அடுத்த வருசம் கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி சும்மா நிற்கும். நீங்கள் வெட்டப் போகிறீர்கள் என்று யாரோ சொல்ல, அரிவாளோடு ஓடிவந்து மறித்தேன். நீங்கள் அரிவாளைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தீர்கள். "பூவெடுத்திருக்குதுங்களே" என்றீர்கள். இரண்டு கம்பம் கூடுதலாக நட்டு கம்பியைச் சுற்றிக் கொண்டுபோனீர்கள். மேலே இருக்கிறவர்களிடம் அதற்குத் திட்டும் வாங்கினீர்கள். அந்தச் சுற்றினால்தான் மழை பெய்தால் நம் லைன் கரகரவென்று இரைகிறது என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பீர்கள்.

எங்கேயோ போய்விட்டேன். லேப்டாப்புக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்கார அக்கா காலமான பிறகு, காளப்பநாயக்கன்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு என் காட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தீர்கள். உங்கள் மகள் சுமதி கல்யாணமாகி வெளிநாடு போகும்போது தன் பழைய லேப்டாப்பை உங்களிடம் விட்டுப்போனாள். அப்போதே அதற்கு மூச்சு வாங்கும். மூடி நிற்காது; பின்னால் நெல் அளக்கிற படி ஒன்றைக் கவிழ்த்து முட்டுக்கொடுக்க வேண்டும். கரண்டு போனால் அதுவும் போய்விடும். நெட்டுக்காகப் போன் ஒயரைக் கழற்றி அதில் மாட்டினால் கீச்சென்று கத்தி, பிறகு கனைத்து, பிறகு அடங்கும். அந்தக் கத்தலைக் கேட்டே நீங்கள் லைன் எப்படி என்று சொல்வீர்கள்.

அதற்கப்புறம் சர்க்கரை உங்கள் கண்ணில் இறங்கியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெளிச்சம், நிழல் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. சுமதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டு வந்துவிடுவாள் என்று உங்களுக்குப் பயம்.

குழந்தை பிறந்தது. பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமதி போனில் பேசினாள். போட்டோ நெட்டில் அனுப்பியிருக்கிறாளாம். யார் சாடை என்று பார்த்து வையுங்கள், அடுத்த ஞாயிறு கேட்பேன் என்றாளாம். "பாத்துச் சொல்றேன் கண்ணு" என்று போனை வைத்தீர்கள். வைத்த கையோடு வேலிப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

படித்தவர் யாரையாவது கூப்பிடலாமே என்றேன். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் சுமதிக்குப் போய்விடும் என்றீர்கள். நான் பள்ளிக்கூடத்து வாசல்படியை மிதிக்காதவன். என் பெயரையே எனக்குப் படிக்க வராது.

"உங்ககிட்ட கண்ணு இருக்குது, எங்கிட்ட எழுத்து இருக்குது. போதுங்க வெள்ளையண்ணா" என்றீர்கள்.

அந்த ஒரு வாரத்தை நான் எப்படிச் சொல்வேன். நீங்கள் கட்டைகளைத் தடவித் தடவித் தட்டுவீர்கள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு கண்ணாடியில் தெரிகிறதைச் சொல்வேன். நீல வட்டம் வந்திருக்குது, மேலே பட்டையாக ஒன்று நிற்குது, மணல்கடிகாரமாம், அது சுற்றுது. பக்கம் பாதி வரும். பிறகு எல்லாம் வெளுத்துப்போய் நடுவில் ஒரு பெட்டி எழும்பும். 'டங்' என்று ஒரு சத்தம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே "போச்சுங்களா" என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். சத்தம் வரும், உடனே "போச்சுங்களா".

பெட்டியில் இரண்டு பொத்தான் இருக்கும். எதை அமுக்குவது? இங்கிலீசில் எத்தனை எழுத்து என்று எண்ணச் சொன்னீர்கள். எண்ண எனக்கு வரும். "ரெண்டெழுத்துன்னா ஓகேங்க, அமுக்குங்க. அதுக்கு மேல இருந்தா கிட்டப் போகாதீங்க" என்றீர்கள். முதல் நாள் நன்றாகத்தான் போனது. செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி வந்தது. ஒன்றில் மூன்றெழுத்து, ஒன்றில் இரண்டெழுத்து. இரண்டெழுத்தை அமுக்கினேன். அது 'நோ', வேண்டாம் என்கிற இரண்டெழுத்தாம். காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் போய்விட்டது. நீங்கள் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொத எழுத்து உருண்டையா இருந்தா மட்டும் அமுக்குங்க. மொளைக்குச்சி அடிச்ச மாதிரி நின்னா தொடாதீங்க" என்றீர்கள். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்னங்க" என்று கேட்டேன். "உங்களுக்கு இவ்வளவு சுலுவா வரும்னு எனக்கென்ன தெரியும்" என்று சிரித்தீர்கள்.

புதன்கிழமை, சூட்டினால்தான் படுத்துக்கொள்கிறது என்று அடிப்பக்கத்துக் காற்று வழியை என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். பஞ்சு மாதிரி தூசி. கோழி இறகால் தள்ளித் தள்ளி எடுத்தேன். உள்ளே ஒரு எறும்புக் குடும்பமே இருந்தது. இரண்டு மூங்கில் துண்டின்மேல் லேப்டாப்பை வைத்தோம், அடியில் காற்றுப் போக. வியாழக்கிழமை, முன்பு பார்த்த பக்கங்களையெல்லாம் அது சேர்த்து வைத்திருக்கிற இடத்தைக் காலி செய்தோம். மேலே பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்ததில் இரண்டை எடுத்தோம். கொஞ்சம் நடை வந்தது. ஆனால் போட்டோ என்று வந்தால் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை, படமே வராதபடி மாற்றிப் பார்த்தீர்கள். அன்றைக்கு ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. பக்கம் முழுசும் தண்ணீர் மாதிரி வந்தது. குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறும் கட்டம், மூலையில் சிவப்பாகப் பெருக்கல் குறி. அதைச் சொன்னேன். நீங்கள் விரலால் அந்தக் கட்டத்தைக் காட்டச் சொல்லி, தொட்டுப் பார்த்தீர்கள்.

சனிக்கிழமை மறுபடி படத்தைத் திறந்துவிட்டீர்கள். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்த ஒரு பக்கம் மட்டும். காலையில் ஐந்து தடவை போனது. மத்தியானம் மழை விட்டிருந்தது, லைன் இரைச்சலில்லாமல் கனைத்தது. ஆறாவது தடவை.

மேலேயிருந்து கோடு கோடாக வந்தது. முதலில் வெள்ளைத் துணி. பிறகு முடி. "முடி நெறையங்க, சுருட்டை" என்றேன். நெற்றி வந்தது, நெற்றியின் ஓரத்தில் மையால் பெரிய பொட்டு. புருவம் இருக்கிறதோ இல்லையோ என்று மெலிசாக. அப்புறம் கண். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா கண்ணுங்க" என்றேன். "அக்காவேதான். கொஞ்சம் முறைக்குது." நீங்கள் லேப்டாப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. மூக்கு பாதி வந்தது.

டங்.

எல்லாம் வெளுத்துப்போனது. பெட்டி வந்து நின்றது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். விடிந்தால் ஞாயிறு.

"அப்புறம்?" என்றீர்கள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "மூக்கு சின்னதுங்க. நுனி மேல தூக்கியிருக்குது" என்றேன்.

"வாய்?"

"சிரிக்குதுங்க. சிரிக்கறப்ப முன்னாடி ஒரு பல்லு இல்லாம சந்து தெரியுது."

நீங்கள் லேப்டாப்பை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டீர்கள். பிறகு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள்.

"எடது பக்கம்."

"ம். சொல்லுங்க."

"கீழுதட்டுக்கு அடியில ஒரு தழும்பு. சின்னது. நெல்லு அளவு. தாடையில ஒரு குழி. பேசறப்ப நாக்கு அந்தச் சந்து வழியா வெளிய வந்து வந்து போகுது."

"சொல்லுங்க வெள்ளையண்ணா" என்றீர்கள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ராத்தல் மிளகு உதிர்க்கிற நேரம் சொல்லியிருப்பேன். நான் நிறுத்தின பிறகுதான் நீங்கள் கையை எடுத்தீர்கள். "போதுங்க. நல்லாப் பாத்துட்டேன். மூடிருங்க, பாவம் அதுக்கும் மூச்சு வாங்குது" என்றீர்கள். மறுபடி அதைத் திறக்கச் சொல்லவே இல்லை.

மச்சினி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறந்து ஒன்றரை மாதமான குழந்தைக்கு ஏது பல், ஏது தழும்பு. நான் சொன்னது என் மகள் ராசாத்தியை. ஏழு வயதில் காய்ச்சலில் போனவளை. ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையின் எழுபது வளைவையும் உங்கள் மோட்டார் சைக்கிளில் இறங்கினோம், அவளை நடுவில் வைத்துக்கொண்டு. பாதி மலையிலேயே அவள் தலை உங்கள் முதுகில் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு வருசம் நான் அவள் பெயரை வாயால் சொன்னதில்லை. வீட்டிலும் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். அன்றைக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை, மூக்குக்குக் கீழே மளமளவென்று வந்துவிட்டாள்.

மறுநாள் சுமதி கூப்பிட்டபோது நான் உங்கள் வாசலில் கிழங்கில் ஒட்டிய மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசுவது கேட்டது.

"நெத்தியும் கண்ணும் உங்கம்மா. சிரிச்சா நம்ம ராசாத்தி, கண்ணு."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. முந்தின நாள் அந்தச் சத்தம் வந்தபோது நீங்கள் "போச்சுங்களா" என்று கேட்கவே இல்லை. அந்த வாரம் முழுதும் ஒரு தடவை தவறாமல் கேட்டவர், அந்தத் தடவை மட்டும் "அப்புறம்?" என்றீர்கள்.

தெரிந்துகொண்டே எனக்காக அப்படிக் கேட்டீர்களா என்று நான் உங்களிடம் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை. நடுவில் எத்தனையோ நாள் உட்கார்ந்து பேசினோம். பேளுக்குறிச்சிச் சந்தையில் எவன் ஈர மிளகை விற்றான், எந்தக் கம்பத்தில் எந்தக் குருவி கூடு கட்டியது, எல்லாம் பேசினோம். சில நாள் நீங்களாகவே "ராசாத்தி இருந்தா இப்ப என்ன வயசுங்க இருக்கும்" என்று கேட்பீர்கள். நானும் சொல்வேன். அவ்வளவுதான்.

அடுத்த தைக்கு நீங்கள் இல்லை. சர்க்கரை சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. சுமதிக்கு எல்லாம் கடைசியில்தான் தெரிந்தது. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் காளப்பநாயக்கன்பட்டி வந்தேன். கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன். அவளே என்னைத் தேடி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, எம்பொண்ணு ராசாத்தி சாடைன்னு அப்பா போன்ல சொன்னாங்க. எனக்கு ராசாத்தி மொகம் சரியா நெனப்புல இல்லீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ராசாத்தியின் சாயல் ஒரு துளிகூட இல்லை. ஆனால் நீங்கள் சொல்லிவிட்ட சொல். "ஆமாஞ் சாமி" என்றேன். "அச்சு அசல் அவளேதான்." சுமதி குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள்.

அவளிடம் சொன்னது அது. உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு வராமல்போன மீதியை. மூக்கு நேராக இருக்கிறது, நுனி தூக்கவில்லை. வாய் உங்களுடையது. மேலுதடு மெலிசு, கீழுதடு கொஞ்சம் முன்னால் துருத்தி, எதையோ கூர்ந்து கேட்கிற மாதிரி. தாடையில் குழி இல்லை. இரண்டு பல் வந்திருக்கிறது, கீழே. என்னைப் பார்த்துச் சிரித்தாள், லைன்மேனுங்க. சிரிப்பு முதலில் இடது பக்கம்தான் போகிறது, அப்புறம்தான் வலது பக்கத்துக்கு வருகிறது.