ஜித்தாவிலிருந்து வந்த இருமல் மருந்து

கசார்வாடி, புனே
ஜனவரி 1997

அன்புள்ள மச்சானுக்கு சைனபு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜித்தாவில் உங்கள் உடம்பு நலம்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நம் அர்ஃபாவை அடக்கிய மண்கூட இன்னும் காயவில்லை. அதற்குள், மருந்து கொடுக்காமல் பிள்ளையைக் கொன்றவள் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மருந்து கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கைக்குழந்தைச் சளிக்கு இந்த சிரப் எதுவும் வேலை செய்யாது, மூக்கில் உப்புத்தண்ணீர் விட்டுப் பால் கொடு, தானாகப் போகும் என்றுதான் வைஷாலி டாக்டரம்மா சொன்னார். உங்கள் கூடப்பிறந்த லாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. "மருந்து எழுதாதவ என்னடீ டாக்டரு?" என்றார்கள். நான் துணி அலசப் போன நேரத்தில், அன்சாரி பாயிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பாட்டிலை எடுத்தார்கள். அதிலிருந்த அரபி எழுத்தை உதட்டில் வைத்து முத்தினார்கள். பிஸ்மி சொல்லி, ஆறு மாசப் பிள்ளைக்கு ஒரு மூடி நிறையப் புகட்டினார்கள். பிள்ளை தூங்கியது. இருமல் நின்றுவிட்டது என்று அக்கம்பக்கமெல்லாம் பெருமை பேசினார்கள். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் நான் தூக்கிப் பார்த்தேன். மூச்சும் நின்றிருந்தது.

பாட்டிலைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டினேன். நமக்கெல்லாம் ஓதத்தான் தெரியும், அவருக்குத்தான் அர்த்தம் தெரியும். பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று போட்டிருக்கிறதாம். லாத்தா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். "மக்கா பூமி மருந்து ஆளைக் கொல்லுமா? அவ ஆயுசு அவ்வளவுதான்" என்கிறார்கள்.

இப்போது தமீம் இருமுகிறான். "ஆம்பளப் புள்ளைய உன் பிடிவாதத்துக்கு விடமாட்டேன்" என்று அவனைத் தன் அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாட்டிலும் உள்ளேதான் இருக்கிறது. தட்டிக் கேட்கப் போய்க் கன்னத்தில் அறை வாங்கினேன். பெற்றவள் பேச்சை இந்த வீட்டில் நாய்கூட மதிக்காது. உங்கள் சொல் ஒன்றுதான் செல்லும்.

அன்சாரி பாய் இன்று விமானம் ஏறுகிறார். அவரிடமே இதைக் கொடுக்கிறேன். இன்னொரு பாட்டில் அவரிடம் கொடுத்துத் தொலைக்காதீர்கள். படித்த கையோடு கீழே இருக்கும் லாத்தா கடைக்கு போன் போடுங்கள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். தலாக் சொல்வதானாலும் பிறகு சொல்லுங்கள். முதலில் அந்த மருந்தைக் கொட்டச் சொல்லுங்கள். பிறகு தமீமை எழுப்பி போனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அவன் இருமுவது உங்கள் காதில் விழ அல்லாஹ் கிருபை செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் உம்மா,
சைனபு